சாக்பீஸைக் கொஞ்ச நேரம் கீழே வை, தங்கச்சி!

போன வாரம் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு வருஷம் என்னோடு இருந்துவிட்டு, இப்போது வேறொரு இன்ஜினீயரிங் காலேஜில் கணக்கு அசிஸ்டென்ட் புரொபசராகச் சேர்ந்திருக்கும் பெண் போன் செய்தாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, ஃபர்ஸ்ட் இன்டர்னல் திருத்தி முடிச்சேன். அறுபது பேர்ல இருபத்து மூணு பேர்தான் பாஸ். ஒரு கணக்கு விடாம போர்டுல போட்டேன்க்கா. எல்லார் நோட்டும் சுத்தமா இருக்கு. பேப்பர்ல மட்டும் ஒண்ணுமே இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

அன்று போனில் சொன்னது பாதி, சொல்ல விட்டுப்போனது பாதி. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமில்லை, இந்த வருஷம் முதல் முறையாகக் கல்லூரியில் கணக்கு வகுப்புக்குள் நுழைந்திருக்கும் எல்லாத் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். ஒரு 3×3 மேட்ரிக்ஸுக்கு ஐகன் வேல்யூ கண்டுபிடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். டிட்டர்மினன்ட்டை விரிக்கும்போது இரண்டாவது உறுப்புக்கு மைனஸ் போட வேண்டிய இடத்தில் பிளஸ் போட்டுவிட்டேன். ஆறு வரி தாண்டி, விடை சரியாக வராமல் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அறுபது தலையும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. பெஞ்ச் பெஞ்சாக நடந்து நோட்டுகளைப் பார்த்தேன். அத்தனை நோட்டிலும் அதே பிளஸ், அழகான கையெழுத்தில். ஒரு பிள்ளைகூட "மேடம், அங்கே மைனஸ்" என்று சொல்லவில்லை. அந்தப் பீரியட் முழுக்கக் கணக்குப் போட்டது நான் ஒருத்திதான். அவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சிக்குக் கோலத்தை நினைத்துப் பார். அம்மா புள்ளி வைத்துக் கோடு இழுப்பதை நூறு நாள் வாசலில் நின்று பார்த்திருப்போம். மாவை நம் கையில் எடுத்த அன்றுதான், எந்தப் புள்ளியில் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று கை தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தில்தான் கோலம் நமக்கு வந்தது. கணக்கும் அப்படித்தான் வரும். பிள்ளைகள் தடுமாறுவதற்கு உன் வகுப்பிலேயே, உன் கண்முன்னாலேயே நேரம் ஒதுக்க வேண்டும். நான் சொல்லப்போகும் எல்லா டிப்ஸும் இந்த ஒன்றுக்காகத்தான்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. கல்லூரியில் அறிவியல், பொறியியல், கணிதம் நடத்தும் முறைகளை ஒப்பிட்ட 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லெக்சர் மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் ஃபெயில். மாணவர்களை வகுப்பிலேயே வேலை செய்ய வைத்த வகுப்புகளில் அது 21.8 சதவீதம். அறுபது பேர் உள்ள வகுப்புக்குக் கணக்குப் பண்ணிப் பார். ஏழு பிள்ளைகள். ஏழு அரியர் குறைகிறது.

1. முதல் வாரம் அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று நம்பி நேராக ஐகன் வேல்யூவுக்குப் போய்விடாதே. முதல் வாரத்திலேயே பத்துக் கேள்வி, இருபது நிமிஷம், ஒரு சின்னத் தாள். மார்க் கிடையாது, பெயர்கூட எழுத வேண்டாம் என்று சொல்லிவிடு. பயம் போனால்தான் உண்மை வெளியே வரும்.

கேள்விகள் கடினமாக இருக்க வேண்டியதில்லை. √(எக்ஸ்² + 9) என்பது எக்ஸ் + 3தானா? சைன் 2எக்ஸ் என்றால் 2 சைன் எக்ஸா? 1/(எக்ஸ் + 1) என்பதை 1/எக்ஸ் + 1 என்று பிரிக்கலாமா? அடைப்புக்குறிக்கு வெளியே மைனஸ் இருந்தால் உள்ளே என்ன ஆகும்? எம் ஒன்னில், அதாவது முதல் செமஸ்டர் கணக்கில், விழும் பிள்ளைகளில் பலர் கால்குலஸில் விழுவதில்லை. இந்த மாதிரிப் பள்ளிக் கணக்கில்தான் விழுகிறார்கள்.

தப்பு வந்தால் திட்டாதே. ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடு: "சந்தேகமா? எண்ணைப் போட்டுப் பார்." எக்ஸுக்கு 4 போட்டால் √(16 + 9) என்பது 5. எக்ஸ் + 3 என்பதோ 7. ஒட்டவில்லை. எக்ஸுக்கு 90 டிகிரி போட்டால் சைன் 180 என்பது 0, 2 சைன் 90 என்பது 2. உடைந்துவிட்டது. இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்துவிட்டால், பரீட்சை ஹாலில் நீ பக்கத்தில் இல்லாதபோதும் பிள்ளை தன் தப்பைத் தானே பிடித்துக்கொள்ளும்.

2. தமிழ் மீடியம் பிள்ளைக்கு ஒரு பக்கச் சொற்பட்டியல்

2021இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இன்ஜினீயரிங்குக்கும் வந்தது. நம் வகுப்பில் தமிழில் கணக்குப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்கு தெரியும். நம் வார்த்தைதான் தெரியாது.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. டியூட்டோரியல் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "ரேங்க் கண்டுபிடிக்கத் தெரியாதாம்மா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "அணித்தரம்" என்று சொன்னதும் நிமிர்ந்தாள். "அதுவா மேடம்!" என்று பேனாவை எடுத்து, நான் பார்க்கப் பார்க்க ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். அந்த மூன்று வாரமும் என் வகுப்பில் அவள் ஊமையாக இருந்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

அன்று ராத்திரியே ஒரு பக்கப் பட்டியல் போட்டேன். மேட்ரிக்ஸ் என்றால் அணி, டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவை, ஃபங்ஷன் என்றால் சார்பு, லிமிட் என்றால் எல்லை, டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு, இன்டக்ரேஷன் என்றால் தொகையிடல். நாற்பது சொல்லுக்குள் முதல் செமஸ்டர் அடங்கிவிடும். எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடு. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் அதுவே ஒரு முத்திரையாகிவிடும். போர்டில் புதுச் சொல் எழுதும்போது முதல் தடவை இரண்டு மொழியிலும் சொல்லிவிடு. அரை நிமிஷம்கூட ஆகாது.

3. ஐம்பது நிமிஷத்தைப் பங்கு போடு

ஐம்பது நிமிஷமும் நீயே பேசினால் உனக்குத் தொண்டை போகும், அவர்களுக்குக் கவனம் போகும். நான் பிரிப்பது இப்படி.

முதல் எட்டு நிமிஷம் நோட்டை மூடச் சொல்வேன். மூன்று சின்னக் கேள்வி: நேற்று நடத்தியதில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, முந்தின யூனிட்டில் ஒன்று. வெறும் தாளில் நினைவிலிருந்து எழுத வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததை மூடிவைத்து நினைவுக்குக் கொண்டுவருவதுதான் மனசில் தங்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்தே இதைக் காட்டினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். யூனிவர்சிட்டி பரீட்சை ஐந்து நிமிஷம் கழித்து வருவதில்லை, இல்லையா?

அடுத்த பதினேழு நிமிஷம் உன்னுடையது. ஒரே ஒரு கணக்கு, முழுசாக, நிதானமாக. வெறுமனே எழுதிக்கொண்டு போகாதே, மனசுக்குள் ஓடுவதைச் சத்தமாகச் சொல்: "இங்கே ஏன் இந்த வரிசையை எடுத்தேன்? பூஜ்யம் இருக்கிறது, வேலை மிச்சம்." பிள்ளைகளுக்கு வேண்டியது இந்த வாக்கியம்தான். கணக்கு கைடில் இருக்கிறது, இந்த வாக்கியம் எந்தக் கைடிலும் இல்லை.

அதற்கடுத்த இருபது நிமிஷம் அவர்களுடையது. அதே வகையில் எண் மாற்றிய ஒரு கணக்கு. சாக்பீஸைக் கீழே வை. மேடையிலிருந்து இறங்கு. பெஞ்சுகளுக்கு நடுவில் நட. "என்ன யோசிச்சே?" என்று கேள். விடையைச் சொல்லாதே, அடுத்த கேள்வியைச் சொல். முதல் நாள் இரண்டு பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் உன்னையே பார்ப்பார்கள், நீ எப்படியும் போர்டில் போட்டுவிடுவாய் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கு. மூன்றாவது வகுப்பில் பேனாக்கள் நகரும்.

கடைசி ஐந்து நிமிஷம், இன்றைக்குப் புரியாமல் நின்ற இடத்தை ஒரு வரியில் எழுதி வாங்கிக்கொள். அறுபது சீட்டையும் டீ குடிக்கும் நேரத்தில் புரட்டிவிடலாம். நாளைய வகுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

4. சூத்திரத்துக்கு முன்னால் படம்

கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷனை முதல் வரியாக எழுதி ஐகன் வேல்யூவைத் தொடங்குவதுதான் நம் ஊர் வழக்கம். பிள்ளைகள் செய்முறையைப் பிடித்துக்கொள்வார்கள், பொருள் கைநழுவிப் போய்விடும். நான் இப்போது இப்படித் தொடங்குகிறேன்.

ஒரு சின்ன மேட்ரிக்ஸ்: முதல் வரிசை 2, 1, இரண்டாம் வரிசை 1, 2. எல்லோரும் கட்டம் போட்ட தாளை எடுக்க வேண்டும். (1, 0) என்ற அம்பை வரைந்து மேட்ரிக்ஸால் பெருக்கு. (2, 1) வரும். அம்பு திரும்பிவிட்டது. (0, 1)ஐப் பெருக்கினால் (1, 2). அதுவும் திரும்பிவிட்டது. இப்போது (1, 1). பெருக்கினால் (3, 3). திசை மாறவில்லை, மூன்று மடங்கு நீண்டிருக்கிறது. (1, −1)ஐப் பெருக்கினால் அதே (1, −1). அசையவே இல்லை. "எல்லா அம்பும் திரும்பும்போது இந்த இரண்டு மட்டும் ஏன் திரும்பவில்லை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அந்தச் சலசலப்புக்குப் பிறகு சொல்: திரும்பாத அம்புதான் ஐகன் வெக்டர், நீண்ட மடங்குதான் ஐகன் வேல்யூ. 3, 1. இனிமேல் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷனை எழுது. எதைத் தேடப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு தேடுவார்கள். சரிபார்க்கவும் சொல்லிக்கொடு. மூலைவிட்டத்தில் உள்ளவற்றின் கூடுதல் 4, ஐகன் வேல்யூக்களின் கூடுதலும் 4. டிட்டர்மினன்ட் 3, பெருக்கலும் 3.

"இது எதுக்கு மேடம்?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அந்தந்தக் கிளைக்கு ஒரு பதில் தயாராக வைத்துக்கொள். சிவில் பிள்ளைக்கு: கட்டடம் எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்பதை ஐகன் வேல்யூதான் சொல்கிறது. மெக்கானிக்கல் பிள்ளைக்கு: பிரின்சிபல் ஸ்ட்ரெஸ் என்று நாளைக்குப் படிக்கப் போவது ஸ்ட்ரெஸ் மேட்ரிக்ஸின் ஐகன் வேல்யூதான். கம்ப்யூட்டர் பிள்ளைக்கு: கூகுள் 1998இல் பக்கங்களை வரிசைப்படுத்தத் தொடங்கிய பேஜ்ரேங்க் முறையின் அடியில் இருப்பது ஒரு ஐகன் வெக்டர்.

மல்டிபிள் இன்டக்ரல் யூனிட்டிலும் இதே மாதிரிதான். ஒரு முழு டியூட்டோரியல் பீரியடை "இன்னைக்கு இன்டக்ரேட் பண்ணக் கூடாது, படம் மட்டும்" என்று ஒதுக்கு. ஆறு கணக்கு கொடு, ஆறுக்கும் பகுதியை வரைந்து நிழலிட்டால் போதும். ஆறாவதாக இதைக் கொடு: எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் எக்ஸிலிருந்து 1 வரை, உள்ளே ஈ பவர் ஒய் ஸ்கொயர். அப்படியே ஒய்க்கு இன்டக்ரேட் பண்ணத் தொடங்கினால் நகரவே நகராது. படத்தை வரைந்தால் ஒரு முக்கோணம் தெரியும். வரிசையை மாற்றினால் எக்ஸ் 0விலிருந்து ஒய் வரை, வெளியே ஒய் 0 முதல் 1 வரை. உள்ளே ஒரு ஒய் வந்து சேர்ந்துகொள்கிறது, இரண்டே வரியில் (ஈ − 1)/2. படத்தின் அருமை அன்றைக்குத் தெரிந்துவிடும்.

5. விரல் காட்ட வைக்கும் கேள்வி

"புரிஞ்சுதா?" என்று கேட்காதே. அறுபது பேரும் "யெஸ் மேம்" என்பார்கள். அதற்கு அர்த்தம், பெல் அடிக்கப் போகிறது என்பதுதான்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991இல் தன் வகுப்பில் ஒரு முறையைத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, கணக்கிடத் தேவையில்லாத, யோசிக்க மட்டும் வேண்டிய ஒரு கேள்வியை விடைத் தேர்வுகளோடு கேட்பது. ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வேண்டும். மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். கையை நெஞ்சோடு வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என விரல் காட்டச் சொல். பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது, உனக்கு மட்டும் தெரியும்.

இம்ப்ராப்பர் இன்டக்ரலுக்கு நான் கேட்பது இது. 1/எக்ஸ்² என்பதை மைனஸ் 1 முதல் 1 வரை இன்டக்ரேட் செய்கிறோம். −1/எக்ஸ் என்று எழுதி எல்லைகளைப் போட்டால் விடை மைனஸ் 2. இது (1) சரி, (2) தப்பு, (3) சொல்ல முடியாது. முதல் தடவை பெரும்பாலும் ஒரு விரல்தான் உயரும். அப்போது ஒன்றே ஒன்று கேள்: "1/எக்ஸ்² எப்பவாவது நெகட்டிவ் ஆகுமா? மேலேயே இருக்கிற வளைவுக்குக் கீழே இருக்கிற பரப்பு எப்படி மைனஸ் ஆச்சு?" பெஞ்சுக்குப் பெஞ்சு விவாதம் கிளம்பும். யாராவது ஒரு பிள்ளை, "மேடம், நடுவுல ஜீரோ இருக்கே!" என்று சொல்லிவிடும். நீ அரை மணி நேரம் நடத்த வேண்டியதை அந்தப் பிள்ளை ஒரே வரியில் நடத்திவிட்டது.

ஒரு விதியை மட்டும் மறக்காதே. முதல் தடவையே முக்கால்வாசிப் பேர் சரியான விடையைக் காட்டினால் விவாதம் வேண்டாம், மேலே போ. மிகச் சிலர்தான் சரி என்றால், விவாதம் பலன் தராது, நீயே இன்னொரு தடவை விளக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போதுதான் பேச விட வேண்டும்.

6. வீட்டுக் கணக்கைக் கலந்து கொடு

பை பார்ட்ஸ் நடத்திய அன்று பை பார்ட்ஸில் பத்துக் கணக்கு கொடுக்கிறோம். பிள்ளைகள் பத்தையும் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் முறையைத் தேட வேண்டிய வேலையே இல்லை. தலைப்பே சொல்லிவிட்டது. பரீட்சைத் தாளில் தலைப்பு இருக்காது.

டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இரண்டு பேர் 2007இல் வெளியிட்ட ஆய்வை நான் புதுசாக வரும் எல்லோரிடமும் சொல்வேன். கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைக் கனவடிவங்களின் கன அளவைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தது, இன்னொரு குழு கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் பிரித்துச் செய்தவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த டெஸ்டில் பிரித்துச் செய்தவர்கள் 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள், கலந்து செய்தவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள். சுத்தமான நோட்டும் காலியான பேப்பரும் எப்படி ஒரே பிள்ளையிடம் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

செய்ய வேண்டியது சுலபம். இன்டக்ரேஷனில் இந்த நான்கையும் ஒன்றாகக் கொடு: எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸ், எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர், 1/(எக்ஸ்² − 1), 1/(எக்ஸ்² + 1). பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நாலுக்கும் நாலு வழி. "போட வேண்டாம், எந்த முறை, ஏன் என்று மட்டும் எழுது" என்று சொல். பை பார்ட்ஸ், சப்ஸ்டிட்யூஷன், பார்ஷியல் ஃபிராக்ஷன், நேரடியாக டேன் இன்வர்ஸ். பத்து நிமிஷ வேலை, செமஸ்டர் முழுக்க உதவும்.

7. பெஞ்சைக் குழுவாக்கு, "ஸ்லோ லேர்னர்" பட்டியலை மூடி வை

1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் என்பவர், கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று அவர்களோடு பழகியே பார்த்தார். சோம்பல் இல்லை, ஆர்வக் குறைவும் இல்லை. மணிக்கணக்காகப் படித்தார்கள், ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ, தனியாகப் போட்ட கணக்கைச் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிட்டார்கள், ஒருவர் தப்பை ஒருவர் பிடித்தார்கள். டிரைஸ்மன் பின்தங்கியவர்களுக்கு என்று இலகுவான வகுப்பு எடுக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார். அது பலன் தந்தது.

நம் ஊரில் இதற்கு நேர் எதிராகச் செய்கிறோம். இன்டர்னல் முடிந்ததும் ஸ்லோ லேர்னர்ஸ் லிஸ்ட் போட்டு, சாயங்காலம் நாலரை மணிக்கு உட்கார வைத்து, டூ மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்ய விடுகிறோம். லிஸ்ட் ஃபைலுக்கு வேண்டுமென்றால் ஃபைலில் இருக்கட்டும். வகுப்பில் அதைச் சத்தமாகப் படிக்காதே. அந்தப் பெயர் ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால், பிள்ளை நாலு வருஷமும் அதற்குத் தகுந்தாற்போல உட்கார்ந்துவிடும்.

பெஞ்சுக்கு மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தாள், ஒரே பேனா. கணக்குக்குக் கணக்குப் பேனா கை மாற வேண்டும். பேனா பிடித்தவர் மற்ற இருவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும், தன் யோசனையை வாயால் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகே எழுதலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளை தாளை இழுத்துக்கொள்வது இதில் நின்றுவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெஞ்சை மாற்று.

8. திருத்திய பேப்பரிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது

இன்டர்னல் பேப்பரை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடு. மூன்று வாரம் கழித்துக் கொடுத்தால் மார்க்கைப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிப்பார்கள்.

திருத்தும்போது மார்க்கோடு ஓர் எழுத்தும் போடு. குறி, கூட்டல் தவறுக்கு "கு". முறையே தவறு என்றால் "மு". கேள்வியையே புரிந்துகொள்ளவில்லை என்றால் "கே". திருப்பிக் கொடுத்த அன்று ஒவ்வொரு பிள்ளையும் தன் தாளில் எந்த எழுத்து அதிகம் என்று எண்ணட்டும். "எனக்கு கணக்கு வராது" என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளை, தன் தாளில் பாதிக்கு மேல் "கு"தான் என்று பார்க்கும்போது முகம் மாறும். முறை தெரிந்திருக்கிறது, மைனஸ்தான் காலை வாரியிருக்கிறது. இது சரிசெய்யக்கூடிய நோய்.

தப்பான கணக்கைத் திரும்பப் போட்டு, எங்கே தப்பினோம் என்று ஒரு வரி எழுதித் தந்தால் அசைன்மென்ட்டில் அதற்கு மார்க் வை. பதினாறு மார்க் கேள்வியில் படிப்படியாக எங்கே மார்க் விழுகிறது என்பதையும் உடைத்துக் காட்டு. விடை வராவிட்டாலும் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் வரை எழுதினால் மார்க் உண்டு என்று தெரிந்த பிள்ளை தாளைக் காலியாக விடாது.

9. போர்ஷன் முடியுமா? புகார் வருமே?

வரும். இரண்டுக்கும் தயாராக இரு.

போர்ஷனுக்கு முதலில் டைம்டேபிளைப் பார். யூனிவர்சிட்டியின் 2021 ரெகுலேஷனில் "மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்" பேப்பருக்கு வாரம் மூன்று லெக்சரோடு ஒரு டியூட்டோரியலும் இருந்தது. நம்மில் பலர் அந்த நான்காவது மணியையும் லெக்சராக்கிச் சாப்பிட்டுவிடுகிறோம். அதை மீட்டு எடு. அடுத்தது, ஒரே வகைக் கணக்கை நீ போர்டில் எத்தனை தடவை போடுகிறாய் என்று எண்ணிப் பார். ஒரு வகைக்கு ஒன்று நீ, ஒன்று வகுப்பில் அவர்கள், ஒன்று வீட்டில். இரண்டாவதும் மூன்றாவதும் உன் கையை விட்டுப் போனாலே நேரம் மிஞ்சும். இருந்தும் இழுத்தால் எல்லா யூனிட்டிலும் ஒரேயடியாக மாற்றாதே. முதல் வருஷம் ஒரு யூனிட் போதும்.

ஹெச்.ஓ.டி.யிடம் முன்கூட்டியே போய்ச் சொல். "வகுப்பில் சத்தம் வரும் சார், அது பிள்ளைகள் கணக்குப் பேசுகிற சத்தம். இந்த யூனிட் முடிந்ததும் டெஸ்ட் வைத்து ரிசல்ட் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டால், காரிடரில் போகும்போது அவர் எட்டிப் பார்த்தாலும் உனக்குப் படபடப்பு இருக்காது.

பிள்ளைகளே புகார் சொல்வார்கள். "மேடம் நடத்த மாட்டேங்கறாங்க, எங்களையே போடச் சொல்றாங்க." மனசு வலிக்கும். ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு எனக்குத் தைரியம் தந்தது. இயற்பியல் வகுப்பில், தாங்களே வேலை செய்து படித்த மாணவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். டெஸ்டில் பார்த்தால் அவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். சரளமான லெக்சர் கேட்பவருக்கு எல்லாம் புரிந்த மாதிரி ஒரு தோற்றத்தைத் தருகிறது. சொந்தமாகத் தடுமாறுவது, புரியாத மாதிரி ஒரு தோற்றத்தைத் தருகிறது. இதை முதல் வாரமே பிள்ளைகளிடம் மனம்விட்டுச் சொல்லிவிடு. "கஷ்டமா இருக்கும். அந்தக் கஷ்டம்தான் படிப்பு. நான் பக்கத்திலேயே நிற்கிறேன்." இந்தக் கடைசி வரியை மட்டும் சொன்னபடி காப்பாற்று.

கடைசியாக, தங்கச்சி

ஒன்பதையும் ஒரே வாரத்தில் செய்யப் பார்க்காதே, சோர்ந்துபோவாய். திங்கட்கிழமை மூன்றாம் பீரியடில் ஒன்றே ஒன்று செய். ஒரு கணக்கு நீ போடு. அடுத்ததை எழுதிக் காட்டிவிட்டு, சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கு. பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் ரொம்ப நீளமாக இருக்கும், போர்டுக்குத் திரும்பி ஓடலாமா என்று கால் துடிக்கும். ஓடாதே. கடைசி பெஞ்ச் வரைக்கும் போ. அங்கே எழுதாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் குனிந்து, "எந்த வரி வரைக்கும் வந்தே?" என்று கேள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்குப் போன் செய். பாஸ் பர்சன்டேஜ் கேட்க மாட்டேன். அந்தப் பத்து நிமிஷமும் நீ எங்கே நின்றாய் என்று மட்டும் கேட்பேன்.